மட்டையில் படாத பந்தின் விலை

பேஸ்போல் ஆட்டம். மூன்றாம் தளத்தில் எங்கள் பையன் ஒருவன் நிற்கிறான், இன்னும் ஒரு தளம் ஓடி ஹோமுக்கு வந்தால் ஓட்டம். அவுட் ஒன்றுதான், மூன்றானால்தான் இன்னிங்ஸ் முடியும். இரண்டு அணிக்கும் ஓட்டங்கள் சமம், எங்களுக்கு இது கடைசி இன்னிங்ஸ். மட்டையோடு நிற்பவன் அணியிலேயே உயரமானவன். பிள்ளைகள் அவனைப் ‘பனை’ என்று கூப்பிடுவார்கள். இந்தக் குறிப்பிலும் அவனுக்கு அதுவே பெயர். முதற்பந்துக்கு உடம்பு முழுவதையும் திருப்பி மட்டையைச் சுழற்றினான், காற்றுக்குத்தான் அடி விழுந்தது. இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவது பந்து முழங்காலுக்குக் கீழே இறங்கிக்கொண்டு வந்தது, அதை விட்டிருக்கலாம். அவன் விடவில்லை. பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கெட்சரின் கையுறைக்குள் பந்து விழுந்த சத்தம் வேலிக்கரை வரை கேட்டது. அடுத்துப் போனவன் நேரே பந்தெறியும் பிட்சரின் கைக்கே பந்தை உருட்டிவிட்டான். மேலதிக இன்னிங்ஸில் எதிரணி ஓர் ஓட்டம் எடுத்தது. எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வவுனியாவிலிருந்து திரும்பும் வழியில் மாங்குளம் சந்தியில் தேநீருக்காக பஸ் நின்றது. எங்கள் உடற்கல்வி ஆசிரியர் அங்கேதான் வாய் திறந்தார். “சேர், அவன் சும்மா தொட்டிருந்தாலே போதும். பந்து எங்கேயாவது உருண்டிருக்கும், மூன்றாம் தளத்தில் நின்றவன் வந்திருப்பான். இனிமேல் அவனைக் கடைசி ஆளாக, ஒன்பதாவதாகத்தான் இறக்குவேன்.”

நான் கணித ஆசிரியன். அணிக்குப் பதிவேடு எழுதுவது என் வேலை. மூன்று ஸ்ட்ரைக் (வீசித் தவறிய பந்து, அல்லது அடிக்காமல் விட்ட நல்ல பந்து) விழுந்து வெளியேறும் ஸ்ட்ரைக் அவுட் என்பதும் மற்ற அவுட்களைப் போல ஓர் அவுட்தான், அதற்கென்று தனியாக ஒரு பாவமும் இல்லை என்று சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கணக்குப் படித்த மனிதனுக்கு இப்படியும் ஆகுமா என்பதுபோல என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் தொடங்கி ஒரு பருவம் முழுவதும் நடந்த வழக்கைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன். வழக்கில் நான் பாதி தோற்றேன் என்பதை முன்னமே சொல்லிவிடுகிறேன்.

அணியும் களமும்

ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் பாடசாலை எங்களுடையது. கிரிக்கெட் இங்கே எல்லோருக்கும் தெரியும், இலங்கையின் பழைய மட்டைப்பந்தாட்டமான எல்லேயும் தெரியும். பேஸ்போல்தான் புதிது. கனடாவின் ஸ்காபரோவில் குடியேறிய பழைய மாணவர் ஒருவர் ஒரு பெட்டி நிறையக் கையுறைகளும் நான்கு மட்டைகளும் அனுப்பியதிலிருந்து அது இங்கே தொடங்கியது. கையுறைகள் இரண்டு அணிக்குப் போதாது. அதனால் பயிற்சி ஆட்டங்களில் இன்னிங்ஸ் மாறும்போது பிள்ளைகள் அவற்றைத் தரையில் வைத்துவிட்டு வருவார்கள், எதிரணி எடுத்துப் போட்டுக்கொள்ளும். இடதுகைக்காரருக்கு வந்த ஒரே கையுறை இன்னும் புதிதாகவே இருக்கிறது.

களம் செம்மண். மாரியில் நீர் தேங்கும், கோடையில் பிளக்கும். காலையில் மாடுகள் மேயும். அவை விட்டுப்போன குளம்படிகளில் பட்டு உருளும் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. வைகாசி பிறந்தால் சோளகக் காற்று உயர எழும் பந்தை இழுத்துக்கொண்டு போகும். இவற்றை வர்ணனைக்காக எழுதவில்லை. பின்னால் வரும் கணக்கில் இந்தக் குளம்படிகளுக்கும் ஒரு பங்கு உண்டு.

உடற்கல்வி ஆசிரியர் இளமையில் பேர்போன எல்லே ஆட்டக்காரர். எல்லேயில் அடிப்பவருக்கு மூன்று வாய்ப்பு. மூன்றையும் விட்டுவிட்டு வருபவனை ஊர் சும்மா விடாது. கல்யாண வீட்டில்கூட அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கிரிக்கெட்டிலோ பந்தை விடுவது ஒரு கலை, நாள் முழுக்க விட்டுக்கொண்டே நிற்பவரையும் பொறுமைசாலி என்று புகழ்வோம். எங்கள் பிள்ளைகள் இந்த இரண்டு வளர்ப்பிலும் வளர்ந்தவர்கள். மூன்று தடவை தவறினால் வெளியே என்ற பேஸ்போல் விதி அவர்களுக்கு எல்லேயின் வெட்கத்தோடு சேர்ந்துதான் வந்தது.

என் பக்கத்துக் கணக்கு

ஸ்காபரோக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் வருவார். டொரன்டோ புளூ ஜேஸ் அணி அவருடைய குலதெய்வம். “சேர், இங்கே ஸ்ட்ரைக் அவுட்டை இப்போது யாரும் பெரிதாக எடுப்பதில்லை” என்று முதலில் சொன்னவர் அவர்தான். அவருடைய வாய்ச்சொல்லை மட்டும் நம்பி உடற்கல்வி ஆசிரியரோடு மோத முடியாது. எண்களைத் தேடினேன்.

பெரிய படம் இப்படி இருக்கிறது. 1968இல் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்போலின் உச்சத் தொடரான மேஜர் லீகில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக ஆறு தடவைக்குச் சற்றுக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆனது, எடுத்த ஓட்டங்கள் 3.42. 2019இல் ஸ்ட்ரைக் அவுட் 8.8 ஆகிவிட்டது, ஓட்டங்களோ 4.83. இடையில் 2018இல் ஒரு விசித்திரம் நடந்தது. ஒரு பருவம் முழுவதும் கிடைத்த நல்ல அடிகள் (அடித்தவரைத் தளம் சேர்த்தவை) 41,018, ஸ்ட்ரைக் அவுட்கள் 41,207. அடிகளை ஸ்ட்ரைக் அவுட்கள் முந்திய முதற்பருவம் அது. ஸ்ட்ரைக் அவுட் ஓட்டத்தைக் கொல்லும் என்றால், ஐம்பது ஆண்டுகளில் அது இவ்வளவு ஏறியும் ஓட்டங்கள் ஏன் கூடின?

இந்தக் கேள்வியில் ஒரு ஓட்டை இருப்பது எனக்கும் தெரியும். 1968 பிட்சர்களின் ஆண்டு. மறு ஆண்டே அவர்கள் நின்று எறியும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகத் தாழ்த்தினார்கள். பந்து மாறியது, ஆட்கள் மாறினார்கள், பந்து வேலியைத் தாண்டும் ஹோம் ரன் பெருகியது. இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்துக் காரணம் சொல்வது, இந்த முறை பூசை செய்தோம் அதனால் இரணைமடு நிரம்பியது என்று சொல்வதுபோல. ஆகவே ஓர் அவுட்டை எடுத்து அதன் விலையை நேரடியாக எடைபோடவேண்டும்.

அதற்கு ஒரு வழி உண்டு. எந்தெந்தத் தளத்தில் ஆள் நிற்கிறது, எத்தனை அவுட் என்ற இரண்டையும் சேர்த்தால் இருபத்து நான்கு நிலைமைகள் வரும். ஒவ்வொரு நிலைமையிலிருந்தும் அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக இன்னும் எத்தனை ஓட்டம் வந்தது என்று ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் எண்ணிவைத்திருக்கிறார்கள். 1999 முதல் 2002 வரையான மேஜர் லீக் ஆட்டங்களிலிருந்து எடுத்த பட்டியலைக் கரும்பலகையில் எழுதினேன்.

முதல் தளத்தில் ஒருவர், அவுட் எதுவும் இல்லை: எதிர்பார்ப்பு 0.95 ஓட்டம். அடிப்பவர் ஸ்ட்ரைக் அவுட் ஆனால் அது 0.57க்கு இறங்கும். அவர் பந்தைத் தொட்டுத் தான் அவுட்டாகி, முன்னால் நின்றவரை இரண்டாம் தளத்துக்கு அனுப்பினால் 0.73. இதுவரை உடற்கல்வி ஆசிரியர் சொல்வது சரி. ஆனால் தொட்ட பந்து தரையோடு உருண்டு நேரே களத்தடுப்பாளரிடம் போனால் இரண்டு பேரும் அவுட். தளம் வெறுமையாகி, இரண்டு அவுட்டோடு 0.12தான் மிச்சம். தொட்டதால் வந்த வினை அது. ஸ்ட்ரைக் அவுட்டை விட அரை ஓட்டத்துக்குச் சற்றுக் குறைவான அளவு மோசம். பாஸ்டனுக்கு ஆடிய ஜிம் ரைஸ் 1984இல் 36 தடவை இப்படி இரட்டை அவுட்டுக்குள் பந்தை உருட்டினார். ஒரு பருவத்தில் அதைவிட அதிகமாக யாரும் உருட்டியதில்லை. அவர் மோசமான ஆட்டக்காரர் அல்லர், மிகப் பெரிய அடிகாரர். அந்த முப்பத்தாறில் பாதி ஸ்ட்ரைக் அவுட்டாக இருந்திருந்தால் அவருடைய அணிக்கு இலாபம்.

ஒரு பக்கம் ஆளை முன்னேற்றும் நல்ல அவுட், மறுபக்கம் இரண்டு பேரையும் தின்னும் கெட்ட அவுட். இரண்டையும் கலந்து நான்கு பருவங்களுக்கும் சராசரி எடுத்தபோது வந்த விடை இதுதான்: ஸ்ட்ரைக் அவுட் ஒன்று அணியின் எதிர்பார்ப்பிலிருந்து 0.301 ஓட்டத்தைக் கழிக்கிறது, மற்ற அவுட் ஒன்று 0.299ஐக் கழிக்கிறது. இடைவெளி ஆயிரத்தில் இரண்டு. மற்ற அவுட்களில் நூறு ஸ்ட்ரைக் அவுட்டாக மாறினாலும் கால் ஓட்டம்கூட நட்டமில்லை.

சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுத் திரும்பினேன். வழக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

“மூன்றாம் தளத்தில் ஆள் நின்றால்?” என்று கேட்டார் உடற்கல்வி ஆசிரியர்.

அதையும் எழுதவேண்டியிருந்தது. மூன்றாம் தளத்தில் ஒருவர், ஓர் அவுட்: 0.98. ஸ்ட்ரைக் அவுட் ஆனால் 0.39. தூரத்துக்கு உயர்த்தி அடித்து, பந்து பிடிபட்ட பிறகு மூன்றாம் தளத்தில் நின்றவர் ஓடிவந்தால் கையில் ஓர் ஓட்டம், அதற்கு மேல் 0.12. இடைவெளி 0.73 ஓட்டம். பட்டியலிலேயே ஸ்ட்ரைக் அவுட் மிக அதிகமாகக் கடிக்கும் இடங்களில் இது ஒன்று. வவுனியாவில் பனை நின்றது இதே இடத்தில்தான்.

“பருவம் முழுவதற்கும் சராசரி எடுத்தால்...” என்று இழுத்தேன்.

“நீங்கள் பருவத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் சேர். நான் அன்றைய ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன்.”

மாணவி கேட்ட கேள்வி

பதிவேட்டில் எனக்கு உதவுபவர் உயர்தரக் கணிதப் பிரிவு மாணவி ஒருவர். பேச்சுக் குறைவு. இரண்டு நாள் கழித்து வந்து கேட்டார்: “சேர், பிட்சர் ஸ்ட்ரைக் அவுட் எடுத்தால் நல்ல பிட்சர் என்கிறீர்கள். அது பிட்சருக்கு நல்லதென்றால் அடிப்பவருக்குக் கெடுதலாகத்தானே இருக்கவேண்டும்? ஒரே சம்பவம் இரண்டு பேருக்கும் எப்படி நல்லதாகும்?”

என் கணக்கில் நான் செய்த சிறு தந்திரத்தை இந்தக் கேள்வி வெளியே இழுத்துவிட்டது. நான் ஸ்ட்ரைக் அவுட்டை மற்ற அவுட்களோடு மட்டுமே ஒப்பிட்டேன். ஆனால் மட்டையில் பட்டுக் களத்துக்குள் விழும் பந்தெல்லாம் அவுட் ஆவதில்லை. மேஜர் லீகில் ஹோம் ரன் தவிர்ந்த அப்படிப்பட்ட பந்துகளில் பத்துக்கு மூன்று அளவில் நல்ல அடியாகிவிடுகின்றன. ஸ்ட்ரைக் அவுட் ஆனவருக்கு அந்த மூன்று வாய்ப்பும் இல்லை. பிட்சர் அதற்காகத்தான் ஸ்ட்ரைக் அவுட்டை விரும்புகிறார். ஆக, அவுட் ஆன பிறகு எப்படி அவுட் ஆனார் என்பது பொருட்டல்ல என்பது உண்மை. அவுட் ஆவதற்கு முன் மட்டையில் படுமா படாதா என்பது மிகவும் பொருட்டு என்பதும் உண்மை. நான் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைத்துவிட்டேன். தெரிந்து மறைக்கவில்லை, ஆனாலும் மறைத்தது மறைத்ததுதான்.

அப்படியானால் அடிக்கடி ஸ்ட்ரைக் அவுட் ஆகிறவர்களை மேஜர் லீக் ஏன் கோடிகள் கொடுத்து வைத்திருக்கிறது? அவர்கள் அந்த விலைக்கு வேறொன்றை வாங்குகிறார்கள். முழுப்பலத்தோடு சுழற்றும் மட்டை பலமுறை தவறும், பட்டால் பந்து வேலிக்கு அப்பால் போகும். நல்ல பந்துக்காகக் காத்திருப்பவருக்கு இரண்டு ஸ்ட்ரைக் விழுந்துவிடும், அதே காத்திருப்பில் நான்கு தவறான பந்து வந்து சும்மா நடந்தே முதல் தளத்துக்குப் போவதும் உண்டு. நியூயோர்க் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் 2017இல் 208 தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆனார். அதே பருவத்தில் 52 ஹோம் ரன் அடித்தார், 127 தடவை நடந்து தளம் சேர்ந்தார்.

மறுகரையில் ஜோ சூவெல். 1920 முதல் 1933 வரை ஆடியவர். 7,132 தடவை அடிக்க நின்று 114 தடவைதான் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். 1932இல் 503 தடவையில் வெறும் மூன்று. கிணற்றில் வாளி போடும்போது கயிறு வழுக்காத கை அது. அவருடைய ஹோம் ரன்கள் மொத்தமாக 49. அவருடைய கடைசிப் பருவங்களில் அதே யாங்கீஸ் அணியில் கூட ஆடிய பேப் ரூத் 1,330 தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆனவர். ஹோம் ரன் 714. இருவருக்கும் அந்த ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம் உண்டு. ரூத்தின் ஸ்ட்ரைக் அவுட்டைக் குறைக்க யாராவது அவருடைய மட்டை வீச்சைச் சுருக்கியிருந்தால், இன்று நாம் அவர் பெயரை எழுதிக்கொண்டிருக்கமாட்டோம்.

அணிகளைப் பார்த்தாலும் ஒரு பக்கமாக நீதி சொல்ல முடியவில்லை. 2015இல் கன்சாஸ் சிட்டி ரோயல்ஸ் லீகிலேயே மிகக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆகி, மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றது. 2023இல் மினசோட்டா ட்வின்ஸ் 1,654 ஸ்ட்ரைக் அவுட்டோடு லீகின் சாதனையையே உடைத்தது, 87 ஆட்டங்களை வென்று தன் பிரிவில் முதலிடமும் எடுத்தது. மறு ஆண்டில் 1,600ஐத் தாண்டிய கொலராடோ ரொக்கீஸோ 101 ஆட்டங்களில் தோற்றது. 2017இல் ஹூஸ்டன் அஸ்ட்ரோஸ் மிகக் குறைந்த ஸ்ட்ரைக் அவுட்டும் மிக அதிக ஓட்டங்களும் சேர்த்து எடுத்தது. உடற்கல்வி ஆசிரியருக்கு இதைச் சொன்னபோது முகம் மலர்ந்தது. அந்த அணி அதே பருவத்தில் கமரா வைத்து எதிரணிக் கெட்சரின் சைகைகளைத் திருடி, குப்பைத் தொட்டியைத் தட்டி அடிப்பவருக்குச் செய்தி அனுப்பியது என்று பின்னால் நிரூபிக்கப்பட்டதையும் சொன்னேன். மலர்ச்சி போய்விட்டது. என்ன பந்து வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தவனுக்கு மட்டையில் படாமல் எங்கே போகும்?

ஸ்காபரோக்காரரின் புளூ ஜேஸ் 2025இல் லீகிலேயே குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆன அணிகளில் ஒன்றாகி, உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போய் டொட்ஜர்ஸிடம் தோற்றது. அதற்குப் பிறகு அவர் ஸ்ட்ரைக் அவுட் பற்றிப் பேசுவதில்லை. அந்த ஏழாவது ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுகிறார்.

செம்மண்ணில் அதே கணக்கு

இதுவரை எழுதியதெல்லாம் அமெரிக்காவின் மிகத் தேர்ந்த ஆட்டக்காரர்களின் கணக்கு. அதை அப்படியே எங்கள் களத்துக்குக் கொண்டுவந்ததுதான் என்னுடைய பெரிய பிழை. பெரும்போகத்துக்கு எழுதிய நீர்ப் பங்கீட்டைச் சிறுபோகத்துக்கு யாராவது பாவிப்பார்களா?

பதிவேட்டைத் திரும்பப் புரட்டினேன். எங்கள் ஆட்டங்கள் கையால் எண்ணக்கூடியவை. அவற்றில் விழுக்காடு எடுப்பது சிரட்டையால் குளத்தை அளப்பது, அதனால் எண்களை இங்கே தரவில்லை. எண் இல்லாமலே தெரிந்த இரண்டு விடயங்கள் போதும்.

ஒன்று, இரட்டை அவுட். என் பக்கத்து வாதத்தின் முதுகெலும்பே அதுதான்: பந்தைத் தொட்டால் இரண்டு பேர் அவுட் ஆகும் அபாயம். எங்கள் பக்கங்களில் அப்படி எழுதிய இடம் ஒன்றே ஒன்று. அதுவும் ஓடியவன் வழியில் விழுந்ததால் நடந்தது. உருண்டு வரும் பந்தை எடுத்து, இரண்டாம் தளத்துக்கு எறிந்து, அங்கே பிடித்துத் திரும்பி முதல் தளத்துக்கு எறிவதற்கு மூன்று பிள்ளைகளின் கைகள் ஒரே தாளத்தில் ஓடவேண்டும். அந்தத் தாளம் பாடசாலை அணிகளில் இன்னும் வரவில்லை. ஆகவே ஸ்ட்ரைக் அவுட் எங்களைக் காப்பாற்றும் ஆபத்து என்று ஒன்று இங்கே கிட்டத்தட்ட இல்லை.

இரண்டு, களத்தடுப்புப் பிழை. மேஜர் லீகில் நூறு வாய்ப்புக்கு இரண்டு பிழைகூட விழுவதில்லை. எங்கள் களத்தில் உருளும் பந்து குளம்படியில் பட்டுத் துள்ளும், கையுறைக்குப் பழகாத பிள்ளை அதை நெஞ்சில் வாங்குவான். பிறகு எடுத்து எறிவான், முதல் தளத்தில் நிற்பவனின் தலைக்கு மேலால் அது வேலிக்குப் போகும். அடித்தவன் இரண்டாம் தளத்தில் நின்று சட்டையைத் தட்டிக்கொள்வான். மேஜர் லீகில் ‘சாதாரண அவுட்’ என்று கணக்கில் போன அதே பந்து, இங்கே இரண்டு தளத்துக்குரிய அடியாகிறது. “சும்மா தொட்டிருந்தாலே போதும்” என்று மாங்குளம் சந்தியில் அவர் சொன்னது எல்லேயின் வெட்கத்திலிருந்து வந்த சொல் என்று நினைத்திருந்தேன். வெட்கமும் இருந்தது. இந்தத் தரையை எத்தனையோ ஆண்டு மிதித்த அறிவும் அதற்குள் இருந்தது. பதிவேட்டின் மேலே குனிந்திருந்த எனக்கு அது தெரியவில்லை.

இதற்கு அமெரிக்காவிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. இன்றைய மேஜர் லீகின் ஒரு பாதியான நெஷனல் லீக் 1876இல் தொடங்கியபோது பெரும்பாலானோர் வெறுங்கையோடுதான் பந்தைப் பிடித்தார்கள். நூறு வாய்ப்பில் பத்துக்கும் மேல் பிழை. அந்தக் காலத்தில் பந்தை எப்படியாவது களத்துக்குள் தள்ளிவிடுவது பெரிய காரியம், ஸ்ட்ரைக் அவுட் உண்மையிலேயே பெரிய நட்டம். கையுறை வந்தது, களம் சமமானது, நட்டம் சுருங்கியது. ஸ்ட்ரைக் அவுட் ஆனால் தலைகுனியும் பழக்கம் மட்டும் அதற்குப் பிறகும் நெடுநாள் கையுறையோடு நடந்துவந்தது. எங்கள் அணி காலத்தால் 2020களில் இருக்கிறது. தரையாலும் கைகளாலும் 1876க்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது.

அதே பிழைகளுக்கு இன்னொரு முகமும் உண்டு, அதை மாணவிதான் விதிப் புத்தகத்தில் கண்டுபிடித்தார். மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கெட்சர் நேராகப் பிடிக்காமல் விட்டால், முதல் தளம் காலியாக இருக்கும்போதோ இரண்டு அவுட் ஆகியிருக்கும்போதோ, அடிப்பவர் முதல் தளத்துக்கு ஓடலாம். இது புதிதாக ஒட்டிய விதி அல்ல. 1845இல் நியூயோர்க்கின் நிக்கர்பொக்கர் கழகம் எழுதிய விதிகளிலேயே, மூன்றாவது பந்தும் தவறி அது பிடிக்கப்பட்டால்தான் அவுட், பிடிக்காவிட்டால் ஓடவேண்டும் என்று இருந்தது. 1941 உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் புரூக்ளின் டொட்ஜர்ஸ் 4-3 என்று முன்னிலையில் நிற்க, ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட்டோடு யாங்கீஸின் டொமி ஹென்ரிக் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். ஆட்டம் முடிந்திருக்கவேண்டும். கெட்சர் மிக்கி ஓவனின் கையிலிருந்து பந்து நழுவியது, ஹென்ரிக் ஓடினார், யாங்கீஸ் அந்த இன்னிங்ஸில் நான்கு ஓட்டம் எடுத்து 7-4 என்று வென்றது. தேர்ந்த கெட்சருக்கே அப்படி நடந்தது. எங்கள் கெட்சர்கள் எத்தனை பந்தை விடுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் பிள்ளைகளோ மூன்றாவது பந்து தவறியதும் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்துவிடுவார்கள். பந்து எங்கே கிடக்கிறது என்று ஒருவனும் திரும்பிப் பார்த்ததில்லை.

செய்த மாற்றங்கள்

பனையை ஒன்பதாவதாக இறக்குவதா என்ற கேள்விக்கு வருகிறேன். என் பக்கம் எஞ்சியிருந்த ஒரே பலமான வாதம், அவன் அடித்தால் பந்து எங்கே போகிறது என்பது. வவுனியாவில் அன்று நான்கு தடவை மட்டையெடுத்தான். மூன்று ஸ்ட்ரைக் அவுட், ஒன்று இடப்பக்க வேலியில் பட்டுத் திரும்பிய அடி. அந்த அடியில் இரண்டு பேர் வந்தார்கள். அன்று எங்கள் அணிக்குக் கிடைத்த ஓட்டங்களில் பெரும்பகுதி அதுதான். மூன்று ஸ்ட்ரைக் அவுட்டும் எல்லோர் மனத்திலும் நின்றன. அடி பஸ் ஏறுவதற்குள் மறந்துபோனது.

உடற்கல்வி ஆசிரியர் இதை ஒத்துக்கொண்டார். பனை நான்காம் இடத்திலேயே இருக்கட்டும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவேண்டியது வேறொன்று இருந்தது. மூன்றாம் தளத்தில் ஆள் நின்று இரண்டு அவுட்டுக்குக் குறைவாக இருந்தால், இரண்டாவது ஸ்ட்ரைக் விழுந்ததும் பனை மட்டையை ஒரு பிடி மேலே பிடித்து, வீச்சைச் சுருக்கி, பந்தைத் தொடவேண்டும். மற்ற நேரமெல்லாம் அவன் இஷ்டம். ஜட்ஜுக்கு இந்த அறிவுரை தேவையில்லாமல் இருக்கலாம். ஜட்ஜுக்கு எதிரே களத்தில் நிற்பவர்கள் பந்தை நெஞ்சில் வாங்குவதில்லை.

பயிற்சியிலும் ஒரு மாற்றம். ஸ்ட்ரைக் அவுட் ஆனவன் யாராக இருந்தாலும், பந்து எங்கே கிடக்கிறது என்று பார்க்காமல் தலையைக் குனிந்தால் களத்தை ஒரு சுற்று ஓடவேண்டும். பிள்ளைகள் இதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் மூன்றாவது ஸ்ட்ரைக்குக்கு மட்டையைப் போட்டுவிட்டு முதல் தளத்துக்குப் பறப்பது ஒரு விளையாட்டாகிவிட்டது, ஓடக்கூடாத நேரத்திலும் ஓடினார்கள். விதியை மறுபடி மறுபடி சொல்லிக்கொடுத்து மாணவிக்குத் தொண்டை கட்டியது.

பனை முதலில் இந்த மாற்றங்களை விரும்பவில்லை. “சேர், நான் மெதுவாக அடித்தால் எனக்கே என்னைப் பிடிக்காது” என்றான். உடற்கல்வி ஆசிரியர் அவன் தோளைத் தட்டி, “தம்பி, மெதுவாக அடி என்று யார் சொன்னது? படும்படி அடி” என்றார். இரண்டுக்கும் வேறுபாடு இருக்கிறதா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். அவன் தலையாட்டினான்.

பருவத்தின் கடைசி ஆட்டம் எங்கள் களத்தில் நடந்தது. சோளகம் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. இரண்டாம் தளத்தில் ஒருவன், இரண்டு அவுட், ஓர் ஓட்டம் பின்தங்கி நிற்கிறோம். பனை வந்தான். மூன்றாம் தளத்தில் ஆள் இல்லை, ஆகவே அவன் இஷ்டம். முதற்பந்துக்குச் சுழற்றினான், இல்லை. இரண்டாவதை விட்டான், ஸ்ட்ரைக் என்றார் நடுவர். மூன்றாவதற்கு முழு உடம்பையும் திருப்பினான். பந்து தரையில் குத்தி, கெட்சரின் முழங்கால் காப்பில் பட்டுப் பக்கவாட்டில் ஓடியது. உடற்கல்வி ஆசிரியர் கத்துவதற்கு முன்பே பனை மட்டையை எறிந்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தான். கெட்சர் பந்தைத் தேடி எடுத்து எறிந்தான். அது முதல் தளத்தில் நின்றவனைத் தாண்டி, பனைமட்டை வேலிக்குள் போய் மாட்டிக்கொண்டது. இரண்டாம் தளத்தில் நின்றவன் ஹோமுக்கு வந்துவிட்டான். பனை இரண்டாம் தளத்தில் நின்று மூச்சு வாங்கினான்.

பதிவேட்டில் அது ஸ்ட்ரைக் அவுட்தான். விதி அப்படி. பிட்சரின் கணக்கில் ஒன்று, பனையின் கணக்கில் ஒன்று, கெட்சரின் கணக்கில் ஒரு பிழை. நான் வழக்கம்போல ஸ்ட்ரைக் அவுட்டுக்குரிய ‘கே’ என்ற எழுத்தை எழுதினேன். உடற்கல்வி ஆசிரியர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். என் பேனாவை வாங்கி, அந்த எழுத்துக்குப் பக்கத்தில் சிறிதாக ‘ஓடினான்’ என்று எழுதிவிட்டுத் திருப்பித் தந்தார்.